சாம்பிராணிப் புகையும் ராமாத்தாளின் இருமலும்

கம்பெனி வாசலில் ஒரு பெரிய இரும்புச் சட்டி. சட்டி நிறைய கங்கு. அதன் மேல் சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார் மேஸ்திரி பொன்னுச்சாமி. சாம்பிராணியோடு விட்டாரா? காய்ந்த வேப்பிலை, வேப்பம் புண்ணாக்கு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சட்டிக்குள் போனது. எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாத அளவுக்குப் புகை.

காலை நேரம். சேலையை இழுத்துச் செருகி, தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு பொம்பளைகள் வரிசையாக நிற்கிறோம். ஒவ்வொருத்தியும் சட்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். புகையை மூச்சில் இழுத்து, "அரோகரா" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் உள்ளே போகலாம். இருமினால் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வருஷம் எங்கள் பனியன் கம்பெனி கண்டுபிடித்த வைத்தியப் பரிசோதனை இது. சிரிக்காதீர்கள். திருப்பூரின் படித்த ஆட்களே வந்து பார்த்துவிட்டு, "நல்ல ஏற்பாடுங்க" என்று முதலாளியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. கப்பலில் வந்த காய்ச்சல் என்றார்கள். உலகம் முழுக்கப் பரவுகிறது, மெட்ராஸில் இறங்கிவிட்டது, கோயமுத்தூருக்கு வந்துவிட்டது என்று டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் தினம் ஓர் ஊரைச் சொன்னார்கள். பேப்பரில் அதன் பெயர் ஃப்ளூ. எங்கள் வாயில் அது புளுக்காய்ச்சல்.

மெஷின் ஓட்டுகிற ஆண்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. அவர்களை நிறுத்தினால் மெஷின் நின்றுவிடும். அவர்களுக்கும் முதலாளி வீட்டு ஆட்களுக்கும் பின்வாசல். வருகிற காய்ச்சல் மரியாதையாக முன்வாசலில் வந்து வரிசையில் நிற்கும் என்று முதலாளி நினைத்தார் போலிருக்கிறது.

வெல்லம் கொடுத்த கை

பனியன் கம்பெனி என்றால் இப்போது எல்லோருக்கும் தைக்கிற மெஷின்தான் ஞாபகம் வருகிறது. அதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு. சிட்டம் சிட்டமாக, வளையக் கட்டாக வருகிற நூலை ராட்டையில் மாட்டிக் குழலில் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றப் பஞ்சு பறக்கும். ஜன்னலைத் திறந்தால் நூல் அறுந்துவிடும் என்று திறக்க விட மாட்டார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது இருபது வயசுப் பெண்ணுக்கும் புருவம் நரைத்திருக்கும்.

அந்தப் பிரிவில் எல்லோரையும்விட நாள்பட்ட ஆள் ராமாத்தாள். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். நாலு வயசில் ஒரு பெண் குழந்தை, வள்ளி. அந்தக் குழந்தையையும் அந்த வேலையையும் விட்டால் ராமாத்தாளுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது.

இருமல் அவளுக்கு வருஷக்கணக்காக உண்டு. ராட்டைக்காரிகள் எல்லோருக்கும் உண்டு. நான் மடிப்புப் பிரிவில் இருந்தேன், அதனால் தப்பித்தேன். சனிக்கிழமைதோறும் ராட்டைக்காரிகளுக்கு மட்டும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தொண்டையில் அடைத்த பஞ்சு இறங்கிவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதை வரிசையாக நிறுத்திக் கொடுக்கிறவர் இதே பொன்னுச்சாமிதான்.

கவனியுங்கள். எதனால் இருமுகிறார்கள் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும்.

புகைச்சட்டி வைத்த பிறகு, விடிகாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கும். ராமாத்தாள் அடுப்பில் ஈர விறகை வைத்து ஊதி, புகையில் முகத்தைக் கொடுத்து, "அரோகரா" சொல்லிப் பழகுவாள். பாதியில் இருமுவாள். மறுபடியும் சொல்வாள். குழந்தை வள்ளி அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கூடவே கத்தும். சாமி பேரை அந்த மாதிரிப் பயந்து பயந்து சொன்னதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சில நாள் தப்பித்தாள். பிறகு ஒரு நாள் மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். கன்னத்தில் வெல்லத்துண்டை அடக்கியிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சட்டியைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"ஏனுங்க ராமாத்தா, சாமி பேரச் சொல்லாமப் போனா எப்புடி?" என்று பொன்னுச்சாமி கையை நீட்டி மறித்தார்.

"அரோ..." என்றாள். மிச்சம் வரவில்லை. இருமல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்துக்கங்க எல்லாரும்! சாமி பேரு வாயில நிக்க மாட்டீங்குது. உள்ள சீக்கு உக்காந்துட்டுச் சொல்ல உட மாட்டீங்குது" என்று அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். சொன்னதோடு ஓர் அடி பின்னாலும் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேஸ்திரியண்ணா, போன சனிக்கெழம இதே இருமலுக்குத்தானுங்க வெல்லம் குடுத்தீங்க?"

"அது பஞ்சு இருமலு. இது வேற இருமலு."

"எப்புடிங்க பிரிச்சீங்க? உங்க காதுக்கு மட்டும் வேற வேறயாக் கேக்குதாக்கு?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "உனக்கு வாய் நீளம் அம்மிணி. நீயும் ஊட்டுக்குப் போறியா?"

அதோடு சிரிப்பு நின்றது. ராமாத்தாள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, யார் மேலும் படாமல் ஓரமாக நடந்து போனாள்.

சாமி இல்லாத சீக்கு

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அக்கம்பக்கத்தில் கடுகு தாளிக்க மாட்டார்கள். அந்த வீட்டைத் தாண்டுகிறவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். படுத்திருப்பது கூலிக்காரியாக இருந்தாலும் அவளை "ஆத்தா" என்பான். பயம்தான், ஆனாலும் பயத்துக்குள் ஒரு மரியாதை இருந்தது.

என் ஐயன், அப்பாவைத்தான் அப்படிச் சொல்வோம், பிளேக் காலத்தைப் பற்றிச் சொல்வார். எலி செத்து விழுந்ததும் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கியதாம். பிறகு அந்தச் சீக்கின் பெயரிலேயே ஒரு மாரியம்மனை வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். ஐயன் அதைப் பெருமையாகச் சொல்வார். படுத்த ஆட்களைத் தூக்கிப் போக யார் இருந்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

புளுக்காய்ச்சலுக்கு எந்த அம்மனும் இல்லை. கப்பலில் வந்த சீக்குக்கு யார் கோயில் கட்டுவது? அதனால் கும்பிடு இல்லாமல் வெறுப்பு மட்டும் மிஞ்சியது. அந்த வெறுப்பு முதலாளி வீட்டுப் பக்கம் போகவில்லை. புருஷன் இல்லாதவள், கூலிக்காரி, கேட்க ஆள் இல்லாதவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டு போனது.

வேலைக்குப் போனவள் காலையிலேயே திரும்பி வருகிறாள் என்றால் லைனில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். ராமாத்தாள் திரும்பி வந்த அன்றே அவள் வாசலுக்கு நேராக இருந்த கதவுகள் சாத்தப்பட்டன. கிணற்றில் எல்லோரும் இறைத்த பிறகுதான் அவள் இறைக்க வேண்டும் என்றார்கள். அவள் நடந்த இடத்தில் சாணி கரைத்துத் தெளித்தார்கள். இவர்களில் பாதிப் பேர் அவள் கையால் மருதாணி வைத்துக்கொண்டவர்கள்.

"தொட்டுப் பாரு சரசு"

ஊர் ஒதுக்கியதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். தனக்குச் சீக்கு இருக்கிறது என்று ராமாத்தாளே நம்ப ஆரம்பித்தாள் பாருங்கள், அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முதலில் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு தன் பாயைக் கதவோரமாகவும் குழந்தையின் பாயை உள் சுவரோரமாகவும் போட்டாள். வள்ளி ஓடி வந்து மடியில் ஏறினால், "அக்கட்டப் போ கண்ணு, அக்கட்டப் போ" என்று கையால் தள்ளினாள். நாளெல்லாம் தன் நெற்றியில் தானே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேலை முடிந்து கஞ்சி கொண்டு போனால் முதல் கேள்வி அதுதான்.

"தொட்டுப் பாரு சரசு. சுடுதா?"

"சுடலீங்கக்கா. பச்சத்தண்ணி மாதிரி இருக்குது."

"உன்ற கையி சூடா இருக்குது. அதனால உனக்குத் தெரியல."

"என்ற கையச் சொல்லாதீங்க. நான் இப்பத்தான் தண்ணியில கழுவிட்டு வாரேன்."

"அப்ப நெசமா இல்லியா? இல்லாமயா இத்தன பேரு சொல்லுவாங்க?"

இத்தனை பேரும் மடையர்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒரு பஸ் பயணத் தூரம்

செய்தி குண்டடம் வரைக்கும் போய்விட்டது. அங்கே அவள் புருஷனின் தம்பி செல்லமுத்து தோட்டம் வைத்திருந்தான். அண்ணன் செத்த பிறகு எட்டிப் பார்க்காத ஆள், இப்போது பஸ் பிடித்து வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. லைனுக்கு நடுவில் நின்றுகொண்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசினான். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

"நங்கையா, புள்ளயக் குடுத்துருங்க. எங்கண்ணன் ரத்தம். உங்க சீக்குக்கு அதையும் பலி குடுக்க முடியாதுங்க."

நான் சண்டைக்குப் போனேன். ராமாத்தாள்தான் என்னைத் தடுத்தாள். "உடு சரசு. அங்க இருந்தா புள்ள பொழச்சுக்கும்."

குழந்தையை அப்படியே தூக்கிப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. லைன் வாசலிலேயே நிறுத்தி, வள்ளி போட்டிருந்த பாவாடையைக் கழற்றி எறியச் சொன்னான். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, பையில் கொண்டு வந்திருந்த வேறு துணியை மாட்டினான். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். வள்ளி தொண்டை கிழியக் கத்தினாள். ராமாத்தாள் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அழுதால் இருமல் வந்துவிடும் என்று அழுகையை அடக்கினாள்.

அவன் போன பிறகு மஞ்சள் தண்ணீரில் ஊறிக் கிடந்த அந்தப் பாவாடையைத் தொட ஆள் இல்லை. நான்தான் எடுத்துத் துவைத்துக் காயப் போட்டேன்.

பின்வாசல் வழியாக

காய்ச்சல் நிஜமாகவே வந்தது. எங்கிருந்து? முதலாளியின் மருமகன் மெட்ராஸுக்குப் போய்விட்டு உடம்பு கொதிக்க வந்து இறங்கினார். பின்வாசல் வழியாக ஆபீசுக்குள் போனார், மெஷின்காரர்களோடு நின்று பேசினார். முன்வாசலில் புகைச்சட்டி அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

சில நாளில் மெஷின்காரர்கள் வரிசையாகப் படுத்தார்கள். கம்பெனியில் பாதி நின்றுபோனது. எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு கிடந்தார்கள், எனக்கும் வந்தது. ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் எழுந்துவிட்டோம்.

ராமாத்தாளுக்கு வரவில்லை. அவள் பக்கத்தில்தான் என்னைத் தவிர யாரும் போகவில்லையே, நானும் படுத்த பிறகு போகவில்லை, எப்படி வரும்? ஒதுக்கி வைத்ததால்தான் அவள் தப்பித்தாள் என்று பிற்பாடு ஒருத்தி என்னிடம் சொன்னாள். அதற்கு அவள் நன்றி வேறு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள் போல.

நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், முதலாளிகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறார். சொல்கிறேன். சாம்பிராணி உயர்ந்த ரகம். வாசனை நன்றாக இருந்தது.

ஒரு ஜாக்கிரதைக்கு

காய்ச்சல் தணிந்ததும் பொன்னுச்சாமி லைனுக்கு வந்தார். புதிதாகச் சேர்த்த பெண்களுக்கு நூல் அறுந்து அறுந்து போகிறது, ராட்டைக்குப் பழைய கை வேண்டும். ராமாத்தாள் வாசலில் நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு, "வாங்க ராமாத்தா, மொதலாளி கூப்புடறாங்க" என்றார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ராமாத்தாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்குச் சீக்கு இல்லீன்னு குண்டடத்துல வந்து சொல்லுங்க சாமி. நீங்க சொன்னாத்தான் எங்க கொழுந்தனாரு நம்புவாரு. என்ற புள்ள எனக்கு வேணுமுங்க."

முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். பிள்ளை வாங்கித் தருவது கம்பெனி வேலையா என்று முதலாளி கேட்டாராம். நான் விடவில்லை. பொன்னுச்சாமி அண்ணன் குண்டடத்துக்கு வராவிட்டால் ராட்டைக்காரி ஒருத்தியும் வேலைக்கு வர மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அது பாதி பொய். ஆனாலும் ஆள் பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்.

மூன்று பேரும் பல்லடம் போய், அங்கிருந்து தாராபுரம் பஸ் ஏறி, குண்டடத்தில் இறங்கினோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரிப் பாதையில் நடந்தோம். தோட்டத்து வாசலான கடவுக்கு வெளியேயே செல்லமுத்து எங்களை நிறுத்தினான். தூரத்தில் களத்து ஓரம் வள்ளி ஆட்டுக்குட்டியோடு நின்றாள். எங்களைப் பார்த்தாள், ஆனால் ஓடி வரவில்லை.

பொன்னுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராமாத்தாளுக்குச் சீக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அது பஞ்சு இருமலுங்க. நூல் சுத்தறவங்களுக்கு எல்லாம் இருக்கறதுதானுங்க."

"அப்பறம் எதுக்குங்க வெளிய தொரத்துனீங்க?" என்றான் செல்லமுத்து.

நான் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். ராமாத்தாளும் பார்த்தாள். தெரிந்தேதான் துரத்தினோம், தப்பு எங்கள் மேல்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை அப்போதே வந்துவிடும்.

அவர் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "அது... ஒரு ஜாக்கிரதைக்குங்க."

"எங்களுக்கும் ஒரு ஜாக்கிரதைதானுங்க" என்றான் செல்லமுத்து.

முடிந்தது. முதலாளி மானத்தைக் காப்பாற்றிவிட்டு மேஸ்திரி முன்னால் நடந்தார். ராமாத்தாள் கொண்டு போயிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கடவுக்குப் பக்கத்தில் கல் மேல் வைத்தாள். நாங்கள் கொஞ்ச தூரம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். செல்லமுத்துவின் பெண்டாட்டி ஒரு குச்சியால் அதை வேலிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். நல்லவேளை, ராமாத்தாள் திரும்பவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்?

திரும்பி வந்த குழந்தை

குண்டடத்துக்கும் காய்ச்சல் போனது. சந்தைக்குப் போய் வந்த செல்லமுத்துவே கொண்டுபோய்ச் சேர்த்தான். அவன் வீட்டில் எல்லோரும் விழுந்தார்கள், வள்ளிக்கும் வந்தது. அவ்வளவுதான், அண்ணன் ரத்தம் ஆறிப்போனது. தான் எழுந்து நடமாட முடிந்ததும் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்து ராமாத்தாள் வாசலில் இறக்கினான்.

"உங்க புள்ளய நீங்களே பாத்துக்கங்க நங்கையா. எங்களால முடியலீங்க."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் நின்று கேட்கவில்லை.

ராமாத்தாள் அந்தக் குழந்தையை மடியை விட்டு இறக்கவே இல்லை. தட்டு, டம்ளர், பாய் எல்லாம் மறுபடி ஒன்றானது. மிளகு ரசமும் கஞ்சியும் ஊட்டி, ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டு, பிள்ளையைத் தேற்றிவிட்டாள். வள்ளி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்ட அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மடியில் இருந்த குழந்தை சட்டென்று இறங்கி, வாயையும் மூக்கையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நேராக வாசலுக்குப் போய் நின்றது. இருமல் நின்றதும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது.

"ஏங் கண்ணு வெளிய போனே?" என்று கேட்டேன்.

"ஆத்தா இருமுனா ஓடிப்போயிரோணும். இல்லீன்னா நானும் செத்துப்போயிருவேன்னு குண்டடத்துச் சின்னம்மா சொன்னாங்க" என்றாள். சோறு வேணும் என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

ராமாத்தாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் செய்யாது கண்ணு என்றாள், கட்டிப் பிடித்துக்கொண்டாள். கட்டிப் பிடித்தால் குழந்தையின் உடம்பு விறைத்துக்கொள்ளும், மூச்சை அடக்கும். மார்கழிப் பனியிலும் குழந்தை வாசலில் போய் நின்றது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ராமாத்தாள் வேறொரு முடிவு செய்தாள். இருமல் வருகிற மாதிரி இருந்தால், குழந்தைக்கு முந்தித் தானே எழுந்து வெளியே போய்விடுவாள். குழந்தை உள்ளே உட்கார்ந்து விளையாடும்.

வள்ளி வளர்ந்து, கல்யாணமாகி, பல்லடத்தில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் இருக்கிறாள். அந்த நாட்களைப் பற்றி எதுவும் அவளுக்கு நினைவில்லை. நாலு வயசில் நடந்தது எப்படி இருக்கும்?

போன பனிக்காலத்தில் வள்ளி தன் குழந்தையோடு ராமாத்தாள் வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ராமாத்தாள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, வாசலுக்குப் போய் இருமினாள்.

"ஏனுங்கம்மா, இந்தப் பனியில எதுக்கு வெளிய போயி நிக்கறீங்க? உள்ளயே இருமுனா ஆருக்கு என்ன?" என்று வள்ளி கோபித்துக்கொண்டாள். என்னிடம் திரும்பி, "பாருங்க சின்னம்மா, எத்தன சொன்னாலும் கேக்கறதில்ல. ஆரு இவங்களுக்கு இதப் பழக்குனாங்கன்னே தெரியல" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வாசலில் குனிந்து நின்றவள், இருமலுக்கு நடுவில், வேண்டாம் என்று எனக்குக் கையை ஆட்டினாள்.

அவளுக்காக இதில் எல்லோருடைய பெயரையும் மாற்றி எழுதியிருக்கிறேன். மேஸ்திரியின் பெயரை மட்டும் மாற்றவில்லை.